ஜைரோஸ்கோப் 'இரைச்சல்' என்றால் என்ன? குச்சி ஒடிந்த சிவகாசி ராக்கெட் முதல் சந்திரயான் வரை!

தீபாவளிக்கு ராக்கெட் விட்டவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பாட்டிலில் சொருகும்போது குச்சி ஒடிந்துவிட்டால், அந்த ராக்கெட் மேலே போகாது. எதிர் வீட்டு மாடி, பக்கத்துத் தெரு, சில நேரம் பற்றவைத்தவர் காலுக்கு அடியிலேயே கூட வந்து நிற்கும். மருந்து அதேதான், காகிதக் குழாயும் அதேதான். இல்லாமல் போனது குச்சி மட்டும்தான். ராக்கெட் லேசாகச் சாய ஆரம்பித்ததும், பின்னால் நீண்டிருக்கும் குச்சியில் காற்று மோதி வாலை மறுபடி வரிசைக்குத் தள்ளும். சிவகாசி ராக்கெட்டுக்கு அதுதான் ஸ்டியரிங்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுக்குக் குச்சி கிடையாது. அது சாய்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் எஞ்சினின் முனையைத் திருப்பும். அப்படிச் சொல்கிற ஆள்தான் ஜைரோஸ்கோப். இப்போது இந்தச் செய்தியைப் படிக்கும் உங்க போனுக்குள்ளும் அநேகமாக ஒன்று இருக்கும். (ரொம்ப விலை குறைந்த சில மாடல்களில் இருக்காது.)

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அப்புறம் ஏன் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இன்னொன்றைச் செய்ய இஸ்ரோ திருவனந்தபுரத்தில் தனியாக ஒரு மையமே வைத்திருக்கிறது? பதில், அது சொல்லும் பொய்யின் அளவில் இருக்கிறது. எல்லா ஜைரோஸ்கோப்பும் பொய் சொல்லும். எவ்வளவு, எந்த விதத்தில், எத்தனை நேரத்துக்குள் என்பதுதான் கேள்வி.

போனுக்குள் என்ன நடக்கிறது?

பழைய ஜைரோஸ்கோப் ஒரு சுழலும் சக்கரம். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதே அதன் அடிப்படை. 1852-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லியோன் ஃபூக்கோ இதற்குப் பெயர் வைத்தார். போனில் இருப்பது அப்படிப்பட்ட சக்கரம் இல்லை. சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி எடை, நொடிக்குப் பல ஆயிரம் முறை இங்கும் அங்கும் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் குடை ராட்டினம் ஏறியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சுற்றிக்கொண்டிருக்கும் ராட்டினத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக நடக்க முயன்றால், யாரோ பக்கவாட்டில் தள்ளுவதுபோல இருக்கும். போன் திரும்பும்போது அந்தக் குட்டி எடையும் இதேபோல பக்கவாட்டில் தள்ளப்படும். அந்தத் தள்ளலை மின்சாரமாக அளந்தால், போன் நொடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறது என்று தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஜைரோ சொல்வது 'திரும்பும் வேகம்' மட்டும். 'இப்போது எந்தத் திசையில் இருக்கிறோம்' என்று அதுக்குத் தெரியாது. வேகத்தை நொடி நொடியாகக் கூட்டிக் கூட்டித்தான் திசையைக் கண்டுபிடிக்கிறார்கள். கூட்டும்போது சரியான எண்ணோடு தப்பும் சேர்ந்தே கூடும்.

இரைச்சல் ஒன்று, பிசகு இன்னொன்று

சிவகாசியில் இரைச்சல் என்றாலே டெசிபல்தான். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற 1999-ம் ஆண்டு விதி அங்கே பலருக்கும் தெரியும். ஜைரோவின் இரைச்சல் காதில் கேட்காது. அசையாமல் வைத்திருக்கும்போதும் எண்கள் சும்மா இருக்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்துக்குத்தான் இந்தப் பெயர்.

இதைப் புரிந்துகொள்ள விருதுநகர் மார்க்கெட் மண்டிக்குப் போகலாம். பருப்பு மூட்டையை எடை போடும் தராசில் இரண்டு விதமான கோளாறு வரும். ஒன்று, முள் நிற்காமல் ஆடுவது. ஒரு தடவை பார்த்தால் கொஞ்சம் கூட, அடுத்த தடவை பார்த்தால் கொஞ்சம் குறைவு. பத்து தடவை பார்த்துச் சராசரி எடுத்தால் கிட்டத்தட்டச் சரியான எடை கிடைத்துவிடும். இதுதான் இரைச்சல்.

இன்னொன்று, தட்டு காலியாக இருக்கும்போதே 50 கிராம் காட்டுவது. இதில் முள் ஆடவே ஆடாது, பார்க்க ரொம்ப நேர்மையான தராசு மாதிரி இருக்கும். ஆயிரம் தடவை சராசரி எடுத்தாலும் அந்த 50 கிராம் போகாது. ஒவ்வொரு மூட்டையிலும் சேர்ந்துகொண்டே வரும். ஜைரோவில் இதற்குப் பெயர் 'பயஸ்'. தமிழில் பூஜ்யப் பிசகு என்று சொல்லலாம்.

எது ஆபத்து? கணக்கே சொல்லும்.

நம்ம ஊர் இன்ஜினியரிங் மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு வாங்கும் எம்பியூ-6050 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். இதன் இரைச்சல் அடர்த்தி 0.005 என்று கம்பெனியின் விவரத்தாளில் போட்டிருக்கும். அலகு கொஞ்சம் விசித்திரமானது: நொடிக்கு டிகிரி, கீழே ஹெர்ட்ஸின் வர்க்கமூலம். பயப்பட வேண்டாம். அதன் அர்த்தம் இதுதான்: இரைச்சலால் வரும் திசைத் தவறு, நேரம் கூடும் அளவுக்குக் கூடாது, நேரத்தின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் கூடும். 1 நொடியில் சுமார் 0.005 டிகிரி. 100 நொடியில் 0.05 டிகிரி. 3,600 நொடியில், அதாவது ஒரு மணி நேரத்தில், வெறும் 0.3 டிகிரி. முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவதால் பாதிக்கும் மேல் தானே கழிந்துவிடுகிறது.

இப்போது பிசகு. அதே சிப்பில் நொடிக்கு 0.1 டிகிரி பிசகு மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். 1 நிமிடத்தில் 6 டிகிரி. ஒரு மணி நேரத்தில் 360 டிகிரி, முழுசாக ஒரு சுற்று! மேஜையில் அசையாமல் கிடக்கும் போன், தான் ஒரு வட்டம் அடித்துவிட்டதாக நினைக்கும்.

0.3 எங்கே, 360 எங்கே! 'இரைச்சல் குறைவு' என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து ஜைரோ வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பிஜிஎம்ஐ ஆடுகிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஜைரோ ஆன் செய்தால், கையை அசைக்காமலே ஸ்கோப் மெல்ல ஒரு பக்கமாக நகரும். இரைச்சல் என்றால் ஸ்கோப் நடுங்கும். ஒரே பக்கமாக நகர்ந்தால் அது பிசகு. போனைச் சமதரையில் வைத்து 'கேலிப்ரேட்' செய்யச் சொல்வது, காலித் தட்டை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புவது மாதிரிதான்.

விவரத்தாளில் எதைப் பார்க்கணும்?

முதலில் பூஜ்யப் பிசகு. எம்பியூ-6050 விவரத்தாள் இதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது: நொடிக்கு 20 டிகிரி வரை இருக்கலாம். திருத்தாமல் அப்படியே விட்டால் 18 நொடியில் ஒரு சுற்று. தொடக்கத்திலேயே சாஃப்ட்வேர் இதைக் கழித்துவிடும் என்பதால்தான் பிழைக்கிறோம். ஆனால் சூடு ஏறினால் இந்தப் பிசகும் மாறும். சித்திரை வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டிய போனில், காலையில் ஏசி அறைக்குள் கழித்த கணக்கு செல்லாது.

அடுத்தது 'ஸ்கேல் ஃபேக்டர்'. 1,000 கிராம் வைத்தால் 1,030 கிராம் காட்டும் தராசு. இந்தச் சிப்பில் 3 சதவீதம் வரை இப்படிப் போகலாம். போனை 90 டிகிரி திருப்பினால் கிட்டத்தட்ட 3 டிகிரி தவறு. அசையாமல் வைத்துச் சோதித்தால் இது வெளியே தெரியவே தெரியாது, திருப்பினால்தான் தெரியும்.

மொத்த இரைச்சல் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். இதில் ஒரு வித்தை இருக்கிறது. 0.005 அடர்த்தி உள்ள சிப்பை 100 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் ஓட்டினால் இரைச்சல் 0.05. அதே சிப்பை 25 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 0.025. சிப் ஒன்றும் நல்லதாகிவிடவில்லை. முள்ளுக்கு எண்ணெய் தடவி மந்தமாக்கியதுதான் மிச்சம். ஆட்டம் குறையும், ஆனால் திடீர்த் திருப்பத்தை லேட்டாகக் காட்டும். போட்டோ நடுங்காமல் எடுக்க அது பரவாயில்லை. காற்றில் நிற்கும் ட்ரோனுக்கு அந்த லேட் ஆகவே ஆகாது. எந்த ஃபில்டரில் அளந்தது என்று சொல்லாத இரைச்சல் எண்ணை நம்ப வேண்டியதில்லை.

கடைசியாக, எல்லோரும் பெருமையாக விளம்பரம் செய்யும் 'பயஸ் இன்ஸ்டபிலிட்டி'. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஆலன் 1966-ல் அணுக் கடிகாரங்களுக்காக ஒரு கணக்கு முறையைக் கொண்டுவந்தார். அதையே ஜைரோவுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஜைரோவை அசையாமல் மணிக்கணக்கில் வைத்து, 1 நொடி சராசரி, 10 நொடி சராசரி, 100 நொடி சராசரி என்று எடுத்துக்கொண்டே போவார்கள். சராசரி எடுக்கும் நேரம் கூடக் கூட இரைச்சல் அடங்கி, வரைபடக் கோடு கீழே இறங்கும். ஒரு கட்டத்துக்குமேல் பிசகே மெல்ல இடம் மாற ஆரம்பிப்பதால், கோடு திரும்ப மேலே ஏறும். இடையில் உள்ள பள்ளத்தின் அடிதான் விளம்பரத்தில் வரும் எண். அதாவது நிலையான வெப்பத்தில், அதிர்வே இல்லாத மேஜையில், அந்தச் சிப் அதன் வாழ்நாளில் காட்டக்கூடிய மிக நல்ல முகம். ரோட்டில் அது கிடைக்காது.

நல்ல ஜைரோ எவ்வளவு நல்லது?

விமானம், நீர்மூழ்கிக் கப்பல் போன்றவற்றில் வழிகாட்டும் ஜைரோக்களின் பிசகு மணிக்கு 0.01 டிகிரி அல்லது அதற்கும் கீழே. அந்த வேகத்தில் ஒரு முழுச் சுற்றுத் தவறு சேர 4 வருஷத்துக்கும் மேல் ஆகும். இவற்றில் அதிரும் எடை இல்லை. வளையப் பாதையில் எதிரெதிர்த் திசையில் ஓடும் லேசர் ஒளியின் சின்ன வித்தியாசத்தை அளக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 லேண்டரில் இருந்ததும் லேசர் ஜைரோதான்.

இவ்வளவு நல்ல ஜைரோவுக்குப் பூமி சுற்றுவதே தெரியும். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. இங்கே ஒரு சுவாரசியம். சிவகாசி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், சுமார் 9.45 டிகிரி வடக்கில் இருப்பதால், அங்கே தரையில் படுக்கையாக வைத்த ஜைரோ அந்த 15-ல் சுமார் 2.5 டிகிரியை மட்டுமே உணரும். அதே ஜைரோ லண்டனில் கிட்டத்தட்ட 11.8 டிகிரி காட்டும். சாதாரண போன் ஜைரோவில் இந்த 2.5 டிகிரி பிசகுக்குள்ளேயே காணாமல் போய்விடும்.

நட்சத்திரம் தெரியாமல் நிலவைச் சுற்றிய சந்திரயான்-1

எவ்வளவு நல்ல ஜைரோவாக இருந்தாலும் தனியாக விட்டால் ஒருநாள் வழி தவறும். இதை இந்தியா அனுபவத்தில் பார்த்திருக்கிறது.

2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1 கிளம்பியது. திட்ட இயக்குநர் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. விண்கலத்தின் திசையைச் சரிபார்க்க, நட்சத்திரங்களைப் பார்த்து இடம் சொல்லும் ஸ்டார் சென்சார்கள் இருந்தன. ஜைரோவில் சேரும் தவறை அவ்வப்போது பூஜ்யமாக்குவது அவற்றின் வேலை. 2009 ஏப்ரல் கடைசியில் ஒன்று பழுதானது. மே மாதத்தில் மாற்றாக இருந்ததும் போனது.

இனி ஜைரோவின் கணக்கை யார் சரிபார்ப்பது? இஸ்ரோ விஞ்ஞானிகள் கையில் இருந்ததை வைத்தே ஒரு வழி கண்டார்கள். பூமியை நோக்கி இருக்கும் ஆன்டெனா எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற தகவல், நிலவின் குறிப்பிட்ட இடங்களின் படங்கள், இவற்றோடு ஜைரோவைச் சேர்த்து விண்கலத்தின் திசையைக் கணக்கிட்டார்கள். மே 19 அன்று சுற்றுப்பாதையும் 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு அறுந்துபோகும்வரை வேலை நடந்தது, மொத்தம் 312 நாள். நட்சத்திரம் பார்க்கும் கண் இல்லாமல் மூன்று மாதத்துக்கும் மேல் ஓட்டியிருக்கிறார்கள்.

750 மாணவிகளின் செயற்கைக்கோளை இழந்தது எதனால்?

விவரத்தாளில் இரைச்சல், பிசகு எல்லாம் சரியாக இருந்தும் காரியம் கெடலாம். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட் முதல்முறையாகப் பறந்தது. அதில் 'ஆசாதிசாட்' என்ற குட்டிச் செயற்கைக்கோள் இருந்தது. நாடு முழுவதும் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் படிக்கும் 750 மாணவிகள் சேர்ந்து உருவாக்கியது.

இதில் சிக்கியது ஜைரோ இல்லை. அதோடு எப்போதும் ஒரே பெட்டியில் இருக்கும் ஆக்சிலரோமீட்டர், அதாவது வேக மாற்றத்தை அளக்கும் சென்சார். இரண்டாவது அடுக்கு பிரியும்போது எதிர்பார்த்ததைவிடப் பலமான அதிர்வு ஒரு கண நேரம் வந்தது. 10 கிலோ தராசில் மூட்டையைத் தொப்பென்று போட்டால் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நிற்குமே, சென்சார்கள் அப்படி முட்டி நின்றன. ராக்கெட்டின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து ஆறு ஆக்சிலரோமீட்டரும் பழுது என்று முடிவுகட்டி, அவற்றை ஒதுக்கிவிட்டு அவசர முறைக்குப் போய்விட்டது. உண்மையில் ஒன்றும் பழுதாகவில்லை. அதிர்வு அடங்கியதும் எல்லாம் சரியாகவே வேலை செய்தன.

356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில் செயற்கைக்கோள்கள் விடப்பட்டன. 76 கிலோமீட்டரில் காற்று இழுத்துவிடும். இரண்டும் போயின.

பிறகு அடுக்கு பிரியும் முறையையும், சென்சார் பழுதா என்று தீர்மானிக்கும் கணக்கையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்எஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது, அதில் ஆசாதிசாட்-2 இருந்தது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம் இந்த எஸ்எஸ்எல்விக்காகத்தான். விவரத்தாளில் 'அளவு எல்லை', 'அதிர்வைத் தாங்கும் திறன்' என்ற வரிகளைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த வரிகளின் விலை இது.

சத்தத்தால் ஜைரோவைக் குழப்ப முடியுமா?

முடியும். தென்கொரியாவின் கெய்ஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் 15 வகை ஜைரோ சிப்களைச் சோதித்தார்கள். அவற்றில் 7 வகை, குறிப்பிட்ட ஒரே சுருதியில் ஸ்பீக்கர் ஒலி கொடுத்ததும் தாறுமாறான எண்களைக் காட்டின. உள்ளே இருக்கும் குட்டி எடை தன் சொந்தச் சுருதியைக் கேட்டதும் சேர்ந்து ஆட ஆரம்பித்ததே காரணம். அப்படிப்பட்ட சிப் வைத்த ட்ரோன் கீழே விழுந்தது. பட்டாசு சத்தம் இப்படிச் செய்யுமா என்றால், அது வேறு சங்கதி. வெடி ஒரு கணம்தான், இதற்கு ஒரே சுருதி தொடர்ந்து ஒலிக்க வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே திருப்பிப் போட்டார்கள். போனின் ஜைரோ இரைச்சலுக்குள், பக்கத்தில் பேசும் குரலின் தடயம் இருக்கிறது என்று காட்டினார்கள். அதாவது மைக் அனுமதி கேட்காத ஆப்கூட ஓரளவு ஒட்டுக்கேட்க வழி இருந்தது.

ட்ரோன் விடுபவர்களுக்கு

கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று இப்போது எங்கும் ட்ரோன். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பறக்கவிடுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. பட்டாசு ஆலைகளில் மருந்து ஏற்றிய சரக்கைத் திறந்தவெளியில் வெயிலில் காயவைப்பது வழக்கம். ஜைரோ பிசகி ஒதுங்கும் ட்ரோன், லித்தியம் பேட்டரியோடு அங்கே போய் விழுந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிளப்பும் முன்பு அசையாத சமதரையில் வைத்து ஆன் செய்யணும். கையில் பிடித்துக்கொண்டோ, பைக் சீட்டில் வைத்தோ ஆன் செய்தால் அந்த ஆட்டத்தையே பூஜ்யம் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஏசி காரிலிருந்து எடுத்ததும் உடனே விடாமல், வெளிச்சூட்டுக்குப் பழக நாலைந்து நிமிடம் விடுங்க. இறக்கை லேசாக உடைந்திருந்தாலும் அதிர்வு கூடி ஜைரோவின் எண்கள் கெடும், அதை மாற்றிவிட்டுத்தான் பறக்கவிடணும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

போனில் ஏதாவது ஒரு சென்சார் ஆப்பைத் திறந்து, ஜைரோஸ்கோப் பக்கத்துக்குப் போய், போனைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுங்க. பூஜ்யம் வராது. கடைசி இலக்கங்கள் துடித்துக்கொண்டே இருப்பது இரைச்சல். அந்தத் துடிப்பின் நடுப்புள்ளி பூஜ்யத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அது பிசகு. (சில போன்களில் சாஃப்ட்வேர் முன்கூட்டியே கழித்துவிடுவதால் இது ரொம்பச் சின்னதாக இருக்கும்.) இப்போது ஒரு கேம் ஆடி போனைச் சூடாக்கிவிட்டு, அதே இடத்தில் திரும்ப வையுங்க. துடிப்பு அநேகமாக அப்படியேதான் இருக்கும். நடுப்புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்க.